வீட்டில் செய்யும் கடல்பாசிக்குக் காய், பூ, இலை நிறம் சேர்த்தால் ஏன் மாறிப்போகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகளின் பிறந்தநாளுக்குக் கலர் பொடி எதுவும் போடாமல் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று அடுக்குக் கடல்பாசி (அகர் அகர் போட்டு உறையவைக்கும் இனிப்பு) செய்ய ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். பீட்ரூட் அடுக்கு பழுப்பாகி மண் வாசனை அடித்தது, சங்குப்பூ நீலம் எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாகிவிட்டது, பசலைக்கீரைச் சாறு பாசி பிடித்த குளம் மாதிரி ஆனது. எந்தக் காய், எந்தப் பூ சரிவரும், ஜெலட்டினுக்கு மாறினால் நிறம் நிற்குமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எடுத்த மூன்று பொருளுமே நல்ல பொருள்கள்தான், அவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. எதை எப்போது சேர்த்தீர்கள், கூட என்ன சேர்த்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் உணவு அறிவியல் படித்தவள். பதினேழு வருடமாக மதுரையில் வீட்டிலிருந்தே இனிப்பு ஆர்டர் எடுக்கிறேன், வகுப்பும் நடத்துகிறேன். அதற்கு முன்னால், ராமநாதபுரம் பக்கத்துக்காரி. நோன்பு மாதத்தில் அம்மா தினமும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் கடல்பாசி காய்ச்சத் தொடங்கிவிடுவார். அப்போதெல்லாம் ரோஸ் சிரப்பும், ஒரு சிட்டிகை கலர் பொடியும்தான். இன்று அந்தப் பொடியைக் கண்டால் எல்லோருக்கும் பயம். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி இருந்ததென்று தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம், உணவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறமே அல்ல. இந்தியாவில் அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டு, அவற்றுக்கும் அளவு வரம்பு உண்டு. லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் விற்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் வீட்டில் குழந்தைக்குச் செய்யும்போது காயும் பூவும் போதும் என்ற உங்கள் முடிவு எனக்கு முழுச் சம்மதம்.

முதலில் ஜெலட்டின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் இவற்றின் எலும்பு, தோலிலிருந்து வருவது. சைவ வீடுகளுக்கு அது ஆகாது, எங்களைப் போன்றவர்களும் ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்க முடியும். கடையில் ஜெல்லி என்று பெட்டியில் விற்பதில் பல இங்கே பாசியிலிருந்து எடுத்த பொருளால் செய்தவை, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தைப் பொறுத்தவரை ஜெலட்டினுக்கு ஒரு வசதி உண்டு: குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து லேசான சூட்டிலேயே கரைத்துவிடலாம், அதனால் சூடு தாங்காத சாறுகள் அதில் பிழைக்கும். பார்ப்பதற்கும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டிலேயே அது உருகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் பிறந்தநாள் மேசையில் வைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஊதி முடிப்பதற்குள் ஓரம் இளகத் தொடங்கும். இதே தொல்லை 1881-இல் ஜெர்மனியில் கிருமிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவருக்கும் இருந்தது, வெயிலில் அவருடைய ஜெலட்டின் தட்டுகள் உருகிப்போயின. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே சமையலறையில் ஜெல்லிக்கு அகர் அகர் பயன்படுத்தி வந்தவர், அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அதே கடல்பாசிதான். உறைந்த கடல்பாசி மறுபடி உருக 85 டிகிரி வரை சூடு வேண்டும், ஆகவே நம் வெயிலை அது சட்டை செய்யாது. இன்னொன்று, வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி போட்டால் அவற்றிலுள்ள நொதி ஜெலட்டினைக் கரைத்து உறையவே விடாது, கடல்பாசியை அது ஒன்றும் செய்யாது. உங்கள் வேலைக்குக் கடல்பாசியிலேயே இருங்கள்.

சைனா கிராஸ் என்று இழையாகவும் அகர் அகர் என்று பொடியாகவும் கிடைப்பது எல்லாம் ஒன்றே, சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. எங்கள் மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இதற்குத்தான் போகின்றன. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, உங்கள் பீட்ரூட் பழுப்பானதற்குக் காரணமும் அதுதான்: கடல்பாசி கரைய நன்றாகக் கொதிக்க வேண்டும், ஆனால் 35 முதல் 40 டிகிரிக்கு வந்ததும் உறையத் தொடங்கிவிடும். சூடு தாங்காத சாற்றைச் சேர்ப்பதற்கு இந்தக் கொதிநிலைக்கும் உறைதலுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் கிடைக்கும். கொதிக்கும்போதே ஊற்றினால் நிறம் போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை ஆறிய பிறகு ஊற்றினால் கடல்பாசி அங்கங்கே நூல் நூலாக, சேமியா மாதிரி திரண்டுவிடும். சாறு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்தால் இரண்டு நொடி தாங்கும், மூன்றாவது நொடி எடுக்கத் தோன்றும் என்கிற சூட்டில் நான் கலப்பேன்.

பீட்ரூட்டின் நிறத்துக்கு பெட்டானின் என்று பெயர். தண்ணீரில் அழகாகக் கரையும், லேசான புளிப்பில் திடமாக நிற்கும், நீண்ட சூட்டில் உடைந்து மஞ்சளும் பழுப்புமாகப் போகும். நீங்கள் சாற்றோடு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. மண் வாசனை என்று நீங்கள் சொன்னது வெறும் உவமை இல்லை, முதல் மழை பெய்ததும் தரையிலிருந்து எழும் வாசனையில் இருக்கிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. அது தோலில்தான் அதிகம், புளிப்புப் பட்டால் குறையும். ஆகவே தோலைத் தடிமனாகச் சீவிவிட்டு, பாதி பீட்ரூட்டைத் துருவி, அரை டம்ளர் கொதிநீர் ஊற்றி, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு மூடி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியில் பிழிந்தால் சாறு ஏறக்குறைய நமக்கு வேண்டிய வெதுவெதுப்பிலேயே இருக்கும். அப்புறம் ஒரு டீஸ்பூன் பன்னீர். வாசனை பற்றிக் கவலையே வேண்டாம், என் வகுப்பில் இதைப் பீட்ரூட் என்று கண்டுபிடித்தவர்கள் குறைவு. சிவப்புச் சதையுள்ள டிராகன் பழமும், சிவப்புத் தண்டுக்கீரையும் இதே குடும்பத்து நிறம்தான், இதே கவனம் போதும். ஒரு விஷயம்: பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் விருந்துக்கு வந்த குழந்தைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ராத்திரி போனில் பதற மாட்டார்கள்.

எலுமிச்சையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் கடல்பாசியின் பிடி தளர்ந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு, புளிச்ச பழச்சாறு எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

சங்குப்பூவின் கதை வேறு. அதன் நீலம் ஆந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தது. சூட்டைத் தாங்கும், இந்தக் குடும்பத்திலேயே இது நல்ல உறுதியான வகை. ஆனால் புளிப்பு எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து நிறத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு வெள்ளைச் சாஸரில் இரண்டு ஸ்பூன் சங்குப்பூத் தண்ணீரை ஊற்றி ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் முதலில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி ஊதா வளையம், அதற்கு வெளியே இன்னும் நீலம், மூன்றும் ஒரே சாஸரில் சில நொடி நிற்கும். என் வகுப்புகளில் இதைக் காட்டாமல் நான் ஆரம்பித்ததே இல்லை, ஏனென்றால் இதைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் விளக்கமே தேவைப்படாது. உங்கள் மகளுக்கும் காட்டுங்கள். நீலம் வேண்டுமானால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். இனிப்புக்குச் சர்க்கரை, சுவைக்கு இளநீர். இளநீரின் லேசான புளிப்பில் நீலம் நின்றுவிடும். புதுப்பூ என்றால் பத்துப் பன்னிரண்டு போதும், அடியிலுள்ள பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு (அது இருந்தால் புல் வாசனை வரும்) ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் தீபாவளி மத்தாப்பு நீலம். வெள்ளைச் சங்குப்பூவில் நிறம் வராது.

முட்டைக்கோஸில் சிவப்பு வகை, நாவல்பழம், செம்பருத்தி, கறுப்புத் திராட்சை எல்லாம் இதே குடும்பம்தான், எல்லாமே புளிப்பைப் பார்த்து நிறம் மாற்றும். செம்பருத்தி இதழை வெந்நீரில் போட்டால் மங்கலான ஊதாவில் தண்ணீர் வரும், எலுமிச்சை பட்டதும் பளிச்சென்று சிவக்கும். நாவல்பழத்தைப் பாலில் கலக்காதீர்கள், சாம்பல் பூத்த ஊதாவாகி யாரும் தொட மாட்டார்கள். இங்கே தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சில வருடம் முன்னால் ஒரு மண்டபத்தில் சமைக்கப் போனபோது, வீட்டில் பத்துத் தடவை செய்து பார்த்த சிவப்பு முட்டைக்கோஸ் ஊதா அங்கே பச்சை கலந்த நீலமாக வந்து நின்றது. ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காரணம் அந்த மண்டபத்து போர்வெல் தண்ணீர், உப்பும் காரத்தன்மையும் அதிகம். கேன் தண்ணீர் வாங்கி மறுபடி செய்ததும் ஊதா திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர்த் தண்ணீரில் ஒரு டம்ளர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பேன். பாத்திரமும் அப்படித்தான்: இரும்பு, அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் அல்லது கண்ணாடி.

பச்சைதான் கொஞ்சம் கஷ்டமான நிறம். இலையின் பச்சையத்துக்கு நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது, சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது வெளியேறிவிடும், அதோடு பச்சையும் காக்கி நிறத்துக்குப் போய்விடும். கீரையை மூடி போட்டு வேகவைத்தால் நிறம் மங்குவதும் இதனால்தான். சிட்டிகை ஆப்பசோடா போட்டால் பச்சை நிற்கும் என்று சொல்வார்கள், நிற்கும்தான், ஆனால் இனிப்பில் அந்தச் சவுக்காரச் சுவை தெரியும், நான் போடுவதில்லை. பசலையையே பயன்படுத்துவதென்றால் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, அரைத்து வடிகட்டி, கடைசியில் கலக்குங்கள், எலுமிச்சை பக்கமே போகக் கூடாது. ரம்பை இலை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. இலங்கையில் சோற்றிலும் குழம்பிலும் போடுகிற அதே இலை, மலேசியாவில் பாண்டான் என்பார்கள், அங்கே தேங்காய்ப்பாலோடு சேர்த்துக் கடல்பாசி செய்வது வீட்டுக்கு வீடு உண்டு. பத்து இலையை நறுக்கித் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் அசைக்காமல் வையுங்கள். மேலே வெளிறிய தண்ணீர் நிற்கும், அடியில் கரும்பச்சை வண்டலாகத் தங்கும். மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு அடியில் இருப்பதில் இரண்டு மூன்று ஸ்பூன் எடுத்தால் போதும். வாசனைக்கு வேறு எதுவும் சேர்க்க வேண்டியிருக்காது.

மஞ்சளும் ஆரஞ்சும் சுலபம். கேரட், மாம்பழம் இரண்டின் நிறமும் சூட்டையும் புளிப்பையும் பொருட்படுத்தாது, கொஞ்சம் பால் அல்லது தேங்காய்ப்பால் இருந்தால் இன்னும் நன்றாக வரும். மஞ்சள்தூள் கத்திமுனையில் எடுக்கும் அளவுக்கு மேல் போனால் ரசம் ஞாபகம் வந்துவிடும். குங்குமப்பூவுக்கு வெதுவெதுப்பான பாலில் இருபது நிமிடம், அவசரப்பட வேண்டாம். பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் கேரளத்தில் சாப்பாட்டோடு குடிப்பார்கள், அந்த இளஞ்சிவப்பையும் பயன்படுத்தலாம், ஆனால் அதில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகிவிடும்.

இதுவரை சொன்ன காரணகாரியங்கள் உறுதியானவை, எந்தச் சமையலறையிலும் இப்படித்தான் நடக்கும். அளவுகள் அப்படியில்லை. ஒரு பீட்ரூட் போல இன்னொன்று இருக்காது, மழைக்காலச் சங்குப்பூவுக்கும் கோடைப் பூவுக்கும் நிறம் வித்தியாசப்படும், அகர் பொடியும் கம்பெனிக்குக் கம்பெனி பிடிப்பு மாறும். அதனால் நான் கொடுக்கும் அளவைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் கலவையைக் குளிர்ந்த வெள்ளைத் தட்டில் ஊற்றி உறையவிட்டுப் பாருங்கள், பிடிப்பும் நிறமும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பாத்திரத்தில் இருக்கும்போது தெரியும் அடர்த்தி வெட்டிய துண்டில் இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்குப்பூ ஞாபகசக்தி தரும், பீட்ரூட் ரத்தம் ஊறும் என்று இந்த இனிப்புகளை மருந்து மாதிரி பேசுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு துண்டில் போகிற நிறம் சில ஸ்பூன் சாறுதான், கூடவே சர்க்கரையும் போகிறது. இயற்கை என்பதாலேயே எல்லாப் பூவும் வயிற்றுக்கு ஆகும் என்பதும் இல்லை: அரளி, ஊமத்தை விஷம். சங்குப்பூவிலும் விதையும் வேரும் பேதிக்குக் கொடுப்பவை, இதழ் மட்டும்தான் நமக்கு. பூக்கடைப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள், வீட்டுச் செடி அல்லது உணவுக்கென்று காயவைத்து விற்பதை எடுங்கள். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, அது என் துறை இல்லை.

சரி, உங்கள் மூன்று அடுக்குக்கு வருவோம். பீட்ரூட்டும் சங்குப்பூவும் தண்ணீரில் கரையும் நிறங்கள், உறைந்த பிறகும் பக்கத்து அடுக்குக்குள் மெல்ல ஊறும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பீட்ரூட்டில் விட்ட எலுமிச்சை கீழே இறங்கி நீலத்தின் விளிம்பை ஊதாவாக்கிவிடும். பச்சையை நடுவில் வையுங்கள், தேங்காய்ப்பால் சேர்த்த பச்சை நல்ல தடுப்பாக இருக்கும். அடியில் சங்குப்பூவும் இளநீரும், நடுவில் ரம்பையும் தேங்காய்ப்பாலும், மேலே பீட்ரூட். ஒவ்வொரு அடுக்குக்கும் மொத்தம் 300 மில்லி திரவம், 3 கிராம் அகர் பொடி, நான்கு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. பொடியை ஆறிய தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம், கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் மணி மணியாக எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. அப்புறம் சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு நிறச்சாறு. பீட்ரூட் அடுக்கில் 220 மில்லி தண்ணீரில் அகரைக் காய்ச்சி, மீதி 80 மில்லிக்குச் சாறு விட்டால் கணக்குச் சரியாக வரும்.

முதல் அடுக்கைத் தொட்டால் விரலில் ஒட்டாமல் லேசாக ஆட வேண்டும், ஆனால் இன்னும் வெதுவெதுப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்ததை ஊற்ற வேண்டும். முழுதாக ஆறிவிட்டால் அடுக்குகள் ஒட்டாமல் வெட்டும்போது வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வந்துவிடும். அப்படி ஆறிவிட்டால் முள்கரண்டியால் மேல்பரப்பில் லேசாகக் கீறிவிட்டு ஊற்றுங்கள். ஊற்றும்போது ஒரு கரண்டியைக் குப்புறப் பிடித்து அதன் முதுகில் ஊற்றினால் கீழ் அடுக்கில் குழி விழாது. சாயங்காலம் விருந்து என்றால் அன்று காலையில் செய்யுங்கள், முதல் நாள் ராத்திரியே செய்துவைத்தால் தண்ணீர் விட்டு நிறங்கள் கலங்கும். முந்தின நாள் செய்து வைக்கக்கூடியவை ரம்பைச் சாறும் சங்குப்பூத் தண்ணீரும் மட்டும். இரண்டையும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், காலையில் கலப்பதற்கு முன் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிக் குளிர்ச்சியை எடுத்துவிடுங்கள்.